கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீட்டுக் கிணறு: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

சென்னை நந்தனத்தில் கோல்ஃப் மைதானச் சுவரை ஒட்டி வீடு, கோடையில் கிணறு இறங்குகிறது, மழைக்குப் பின் தண்ணீரில் வாடை என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்.

புல்லுக்குப் போடும் யூரியா மணல் மண்ணில் நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்கும். ஆனால் நைட்ரேட்டுக்கு நிறமோ வாடையோ கிடையாது. வாடை என்றால் என் சந்தேகம் முதலில் சாக்கடைக் கசிவு மேல்தான். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள். கோலிஃபார்முக்கு (சாக்கடைக் கலப்பைக் காட்டும் கிருமி) ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில் தனியாக வேண்டும். நைட்ரேட், அம்மோனியா, கோலிஃபார்ம் மூன்றையும் கேளுங்கள். நைட்ரேட் மட்டும் 45 மி.கி./லிட்டரைத் தாண்டினால் உரம் மேல் சந்தேகப்படலாம். மூன்றும் கூடியிருந்தால் சாக்கடைதான். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்பொடி கலக்கவே கூடாது.

நீர்மட்டத்துக்கு: இரவு முழுக்க மோட்டாரை நிறுத்தி, விடியற்காலையில் எடை கட்டிய டேப்பால் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். நாலு தெரு தள்ளியுள்ள கிணற்றையும் அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் கோடை. உங்களுடையது மட்டும் இறங்கினால், பக்கத்தில் அதிகமாக நீர் இறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்; சென்னைக்கான 1987 நிலத்தடி நீர்ச் சட்டத்தைக் காட்டி குடிநீர் வாரியத்தில் அந்தக் குறிப்போடு மனு கொடுங்கள்.