மூன்றில் இரண்டு பங்கு, எத்தனை பேரில்?

கேள்வி: மகளின் பள்ளிப் பாடத்துக்காகத் தேடியபோது கண்ணில் பட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் 2022 நவம்பர் 29 அன்று, ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் மசோதாவுக்கு 93 பேர் ஆதரவு. அதே நாளில் திருமணம் பற்றிய அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்கு 85 பேர்தான். மற்றவர்கள் என்ன, சாப்பிடப் போய்விட்டார்களா?
- வாசகி, ஈசூன்

பதில்: சாப்பாடு காரணமில்லை, தேர்தலில் நிற்காமல் அதிபரால் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்கள்தான் முக்கியக் காரணம். 377ஏ தண்டனைச் சட்டத்தில் இருந்தது, அது சாதாரணச் சட்டம், அதனால் நியமன உறுப்பினர்களும் வாக்களித்தார்கள், எதிர்த்த மூவரில் ஒருவரே நியமன உறுப்பினர்தான். அரசமைப்புச் சட்டம் என்று வந்துவிட்டால் அவர்கள் பேசலாம், வாக்களிக்க முடியாது. தேர்தலில் தோற்றாலும் நல்ல வாக்கு வாங்கியதால் இடம் பெறும் எதிர்க்கட்சியினரான தொகுதியில்லா உறுப்பினர்களுக்கும் முன்பு இதே நிலைதான், 2016 திருத்தத்துக்கு அப்புறம்தான் அந்த உரிமை கிடைத்தது.

இன்னொரு விஷயம், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இந்தியாவில் அன்று அவைக்கு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கூடவே மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவும் வேண்டும். இங்கே நியமன உறுப்பினர்களைக் கழித்துவிட்டு, மொத்த உறுப்பினர்களிலேயே மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் மசோதா அவையில் வாக்கெடுப்புக்கு வரும் இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்ற இரண்டு கட்டங்களிலும். ஆகவே வராமல் இருந்தாலும் சரி, வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் சரி, கணக்குக்கு எதிர்த்த மாதிரிதான். அன்று தொகுதியில்லா உறுப்பினர்கள் 2 பேர் எதிர்த்தார்கள், எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் உறுப்பினர்கள் 2 பேர் ஒதுங்கினார்கள், கணக்கில் நான்கு பேரும் ஒன்றுதான். 2025 தேர்தல் முடிந்தபோது இருந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 97 பேரும் தொகுதியில்லா உறுப்பினர் இருவரும், மொத்தம் 99, தேவை 66. ஆளும் மக்கள் செயல் கட்சியிடம் 87 இடங்கள் இருக்கும்போது முடிவு என்னவாகும் என்று உங்கள் மகளே சொல்லிவிடுவாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், 1965 முதல் 1979 வரை இந்த மூன்றில் இரண்டு பங்கே கிடையாது, சாதாரணப் பெரும்பான்மையே போதும்!

கேள்வி: மக்களிடம் கேட்கவே மாட்டார்களா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: பெரும்பாலும் மாட்டார்கள். நாட்டின் இறையாண்மையையோ, காவல்துறை, ராணுவத்தின் கட்டுப்பாட்டையோ விட்டுக்கொடுப்பதென்றால் மட்டும் பொது வாக்கெடுப்பு, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு. நாம் இதுவரை கண்ட ஒரே பொது வாக்கெடுப்பு 1962இல் மலேசிய இணைப்புக்காக நடந்தது. அதில் எப்படி இணையலாம் என்று மூன்று வழிகளைக் கொடுத்தார்கள், 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு கட்டம்கூட வைக்கவில்லை.