118 வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. நெல்லிக்குப்பத்தில் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். எங்கள் தெருவில் நடந்த இலவச முகாமில் வெறும் வயிற்றில் பார்த்தார்கள், 118 இருந்தது. "இனி மாத்திரை வேண்டாம், அது கிட்னியைக் கெடுக்கும். இந்த மூலிகைப் பொடியை மூன்று மாதம் சாப்பிடுங்கள்" என்று 4,500 ரூபாய் கேட்கிறார்கள். கொஞ்ச நாளாக உள்ளங்காலும் எரிகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. அந்த 118 உங்கள் மாத்திரை கொடுத்த 118. கூரை ஒழுகவில்லை என்று ஓலையைப் பிரிக்கிறவர் உண்டா?

வெறும் வயிற்று அளவு அந்த ஒரு காலையின் செய்தி மட்டுமே. பரிசோதனைக்கு முந்தைய இரவு இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மூன்று மாத நிலவரம் தெரிய எச்.பி.ஏ.1சி. பரிசோதனை செய்யுங்கள்; பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். சிறுநீரகத்தைக் கெடுப்பது பல ஆண்டுகள் அடங்காமல் கிடக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இப்போது அந்தப் பொடி. முகாமில் மருத்துவர் இருந்தாரா? பெயரும் பதிவு எண்ணும் உள்ள சீட்டு கொடுத்தாரா? டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? முறையாகப் படித்த சித்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. அவர் இந்த மூன்றையும் கொடுப்பார். வீட்டு வாசலில் விரலைக் குத்திப் பயமுறுத்தி விற்கிறவர் கொடுக்க மாட்டார். மூலிகை என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் அலோபதி மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. "பொடி சாப்பிட்டேன், சர்க்கரை சரசரவென்று இறங்கியது" என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான். நீங்கள் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து, எழுப்பினாலும் எழ முடியாத நிலை வரலாம். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது; உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்த வேண்டிய வேளை ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். வாந்தி, பேதி என்று சாப்பாடும் தண்ணீரும் உள்ளே நிற்காத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்திவையுங்கள். சாப்பிடாமல் கிளிமிபிரைடும் போடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலில், பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறக்கூடும். வயிறு பழையபடி ஏற்கத் தொடங்கியதும் மாத்திரைக்குத் திரும்பிவிடுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டு நாளைக்கு நிறுத்தியது இரண்டு மாதமாகிவிடுகிறது. ஆடி வெள்ளி விரதமென்றால் முந்தைய வாரமே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறவராக இருந்தால், சாப்பிடவில்லை என்பதற்காக அவர் அதை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவர் மாற்றித் தருவார்.

118-ஐவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கால் எரிச்சல். நரம்பு பழுதாகத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம். எரிச்சல் ஒரு நாள் தானாக நின்றுவிடலாம். குணமாகிவிட்டதாக நினைப்பீர்கள், அப்போது உணர்ச்சியே போயிருக்கக்கூடும். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் இருமலுக்காக என்னிடம் வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். அடியில் ஏறிய ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஓர் அங்குலம் பதிந்திருந்தது, சுற்றிலும் சீழ். "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றார். எத்தனை நாளாக அதோடு நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பத்து ஆண்டுச் சீட்டுகளை மடித்துப் பையில் வைத்திருந்தார். அத்தனை சீட்டிலும் மாத்திரைப் பெயர்கள்தான். காலைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி உங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நான்கு பேரில் ஒருவர்! அப்படியும் நோயாளியை உட்காரவைத்துப் பத்து நிமிடம் சொல்லித்தர மருத்துவமனைகளில் ஆள் போடுவதில்லை. வரிசையில் அரை நாள், மருத்துவர் முன் இரண்டு நிமிடம். அந்தக் காலி இடத்தில் பொடி வியாபாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிதானமாக, அன்பாகப் பேசுகிறார். நீங்கள் அவரை நம்பியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரைக்காக மட்டும் விடியற்காலை பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். தினமும் இரவு விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். மாசி மகத்துக் கடற்கரை மணலிலும் திருவந்திபுரம் மலைப்படியிலும் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், விடியற்காலையில் போய்வாருங்கள்.

பொடி ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கி எறிந்துவிடாமல், டப்பாவோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அவர் சீட்டை எழுதத் தொடங்குவதற்கு முன்பே செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிவிடுங்கள்.