ஒப்பரேஷனில் தெரிந்த ‘ஈரல் நாக்கு’: வெட்ட வேணுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் நடக்கும்போது ஈரல் ஒரு பக்கம் நாக்குப்போல நீண்டு தொங்குவதைக் கண்டார்களாம். கார்ட்டில் ‘றீடல்ஸ் லோப்’ என்றிருக்கிறது. சென்னையில் வெட்டுவித்துத் தருகிறேன் என்று ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அது கட்டியில்லை, நல்ல ஈரல்தான். சிலருக்கு, கூடுதலாகப் பெண்களுக்கு, வலது ஈரலின் முன்விளிம்பு விலாவுக்குக் கீழே நீண்டு கிடக்கும். 1888இல் இதை விவரித்த ஜேர்மன் சத்திரசிகிச்சையாளரின் பெயர்தான் றீடல். அம்மாவின் டொக்டர் கண்டும் வெட்டாமல் விட்டாரே, அதுதான் சரியான வைத்தியம். சும்மா கிடக்கிற ஈரலில் கத்தி வைத்தால் இரத்தமும் பித்தமும் கசியும்.

கரைச்சல் அடுத்த ஸ்கானில் வரும். நீளத்தை மட்டும் அளப்பவர் ‘ஈரல் வீக்கம்’ என்று எழுதுவார். கையால் அமத்திப் பார்ப்பவர் வலது சிறுநீரகத்தில் கட்டியோ என்பார். புரோக்கர் நுழைவது இந்த இடைவெளியில்தான். ‘ஈரலைச் சுருக்கும்’ சூரணம் விற்பவரும் பின்னால் வருவார். வீங்காத ஈரல் எங்கே சுருங்குவது? கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ‘றீடல்ஸ் லோப் உண்டு’ என்று எழுதுவித்து, ஸ்கானுக்குப் படுக்கும் முன் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் டொக்டரிடம் கேளுங்கள்: ஈரலோடு தொடர்ந்து இருந்ததா, தனித் துண்டா? அரிதாகப் பித்தப்பைச் சுவரில் கடலைப் பருப்பளவில் ஈரல் துண்டொன்று தனியே ஒட்டியிருக்கும். அதன் கதை வேறு. தனித் துண்டுக்கு ஒழுங்கான பித்தக்குழாய் இருப்பதில்லை. பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூட என்று கருதப்படுவதால் பித்தப்பையோடு சேர்த்தே எடுத்துவிடுவார்கள். தொங்கும் நாக்குக்கு இந்தப் பயம் பொருந்தாது. இரண்டையும் குழப்பித்தான் உங்களிடம் காசு கேட்கிறார்கள்.

எடுத்த பித்தப்பை பயோப்சிக்குப் போயிருந்தால் ரிப்போட் வரச் சில கிழமை செல்லும். தையல் வெட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து, அதை எடுக்கப் போகாதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆங்கிலத்தில் அரை வரி கிறுக்கி அனுப்புகிறவர்களுக்குத் தமிழில் இரண்டு வரி எழுத நேரமில்லை. பயோப்சி நம்பரைக் கேட்டு வாங்கி, கிளினிக் நாளில் கார்ட்டோடு போங்கள்.

கண் மஞ்சளித்து, மலம் வெளிறி, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது நாக்கின் வேலையல்ல. பித்தக்குழாயில் கல் தங்கியிருக்கலாம். கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.