அனாமலி ஸ்கேனில் 'சிஎஸ்பி தெரியவில்லை' என்றால்?

கேள்வி: எனக்கு 21 வாரம். அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'சிஎஸ்பி தெரியவில்லை, நியூரோசோனோகிராம் தேவை' என்று போட்டிருக்கிறார்கள். முகம் நார்மலாம். குழந்தைக்கு மூளை வளரவில்லையா டாக்டர்?

பதில்: அப்படிப் பொருள் இல்லை. சிஎஸ்பி (கேவம் செப்டி பெலுசிடி) என்பது மூளையின் முன்பகுதியில், நடுக்கோட்டில் இருக்கும் நீர் நிறைந்த சிறு இடைவெளி. ஸ்கேனில் இரண்டு கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பெட்டி போலத் தெரியும். 18 முதல் 37 வாரம் வரை தெரிய வேண்டும் என்பதால்தான், காணாவிட்டால் விடாமல் தேடுகிறோம்.

குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கியிருந்தாலே படம் மங்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ப்ரோப் (ஸ்கேன் கருவியின் முனை) சற்றுக் கீழே சரிந்தால், பக்கத்திலுள்ள ஃபோர்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றை மூன்று இணைகோடுகளாக வரும்; அதையே சிஎஸ்பி என்று எண்ணி 'நார்மல்' எழுதிவிடுவார்கள்.

நியூரோசோனோகிராம் என்பது குழந்தையின் மூளையை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேன். அதில், தலை கீழே இருந்தால், வெஜைனல் ப்ரோப் வைத்துப் பார்ப்பது மிகத் தெளிவு. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசம் முழு நீளமும் இருக்கிறதா, டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) அதை ஒட்டி வளையும் பெரிகலோசல் ரத்தக்குழாய் தெரிகிறதா, வெண்ட்ரிக்கிளின் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) பின்பகுதி அகலம் 10 மி.மீ.க்குள் இருக்கிறதா, அதன் முன்பகுதிகளான முன்கொம்புகள் இரண்டும் ஒன்றாகிவிட்டனவா என்று பார்ப்பார்கள்.

முகம் நார்மல் என்பது நல்ல சேதி. மூளை இரண்டாகப் பிரியாத ஹோலோப்ரோசென்செஃபலி கடுமையாக இருந்தால், பெரும்பாலும் முகமே காட்டிக் கொடுக்கும்: நெருங்கிய கண்கள், உருமாறிய மூக்கு, மேலுதட்டின் நடுவில் பிளவு. (ஓரமாக வரும் வழக்கமான உதட்டுப் பிளவு வேறு.) ஆனால் அதன் லேசான வகையில் முகம் சரியாகவே இருக்கலாம். செப்டோ-ஆப்டிக் டிஸ்ப்ளேசியாவிலும் (மூளையின் நடுச்சுவரோடு கண் நரம்பும் பிட்யூட்டரியும் பாதிக்கக்கூடிய பிறவிக் குறை) முன்கொம்புகள் இணைந்தே தெரியும். கண் நரம்பும் பிட்யூட்டரியும் (மூளையடியில் ஹார்மோன் சுரக்கும் சுரப்பி) பாதித்திருக்கிறதா என்பதைப் பிரசவத்துக்கு முன் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் இருந்தால், பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை, ஹார்மோன், கண் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்குவதுதான் முதல் ஆபத்து.

குறை உறுதியானால் எம்ஆர்ஐ (மருந்து ஊசி இல்லாமல்), பிறகு பனிக்குட நீர்ப் பரிசோதனை. குரோமோசோம்களை நுணுக்கமாகப் பார்க்கும் மைக்ரோஅரேயும் சேர்த்துக் கேளுங்கள். டிரைசோமி 13 (13-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) இருந்தால் அதிலேயே தெரியும். ரிசல்ட்டுக்கு ஓரிரு வாரம் ஆகலாம். 24 வாரம் தாண்டினால், கடுமையான குறை என்றாலும் கருக்கலைப்புக்கு மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். அதனால் நியூரோசோனோகிராமை இந்த வாரமே செய்துவிடுங்கள். ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்களையும், உங்கள் சர்க்கரை ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். கருத்தரிக்கும்போதே தாய்க்குச் சர்க்கரை நோய் இருப்பதும் ஹோலோப்ரோசென்செஃபலிக்கு ஒரு காரணம்.