நீளமான மெத்தடை எங்கே வெட்டுவது? கேள்வி-பதில்

ஒரு மெத்தட் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட பகுதி) எத்தனை வரிக்குள் இருக்க வேண்டும்? எங்கள் டீமில் 20 என்கிறார்கள்.

கோடைச் சரிபார்க்கும் கருவிகளில் ஈஎஸ்லின்ட் விதியின் இயல்பு வரம்பு 50 வரி, ரூபோகாப்பில் 10, செக்ஸ்டைலில் 150. கருவிகளே ஒத்துப்போகாதபோது 20-க்காகச் சண்டை எதற்கு? ஒரு ஆப்ஜெக்ட்டின் 40 ஃபீல்டுகளை வரிசையாக நிரப்பும் மெத்தட் நீளமானாலும் தடங்கலில்லாமல் படிக்கலாம். நான்கு அடுக்கு இஃப் கொண்ட 18 வரி அப்படியல்ல. கிளைகளை எண்ணுங்கள். தாமஸ் மெக்கேப் 1976-இல் முன்வைத்த சைக்ளோமேட்டிக் அளவு (கிளைகளை வைத்துச் சிக்கலை அளப்பது) 10-ஐத் தாண்டினால், ஒரு பகுதியைத் தனி மெத்தடாக வெட்ட இடம் தேடலாம். "இங்கே தள்ளுபடி கணக்கிடுகிறோம்" என்று கமெண்ட் போட்டுத் தொடங்கும் பகுதி இருந்தால், இடமும் கிடைத்தது, பெயரும் கிடைத்தது.

பிரித்தெடுத்த மெத்தடுக்கு ஏழு பாராமீட்டர் (உள்ளே அனுப்பும் மதிப்பு) வந்துவிட்டது. இரண்டு மதிப்புகளை வேறு திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் வெட்டிய இடம் தவறு. வெட்டும் முன் இரண்டு பட்டியல் போடுங்கள்: அந்தப் பகுதி வெளியிலிருந்து வாங்கும் வேரியபிள்கள், உள்ளே மதிப்பு மாறி, பின்னால் வரும் வரிகளுக்கும் தேவைப்படும் வேரியபிள்கள். முதலாவது பாராமீட்டர், இரண்டாவது ரிட்டர்ன். இரண்டாவதில் ஒன்றுக்கு மேல் இருந்தால், அநேகமாக ஒரே லூப் இரண்டு வேலை பார்க்கிறது. ஆர்டரின் மொத்தத் தொகையையும் மொத்த எடையையும் சேர்த்துக் கூட்டும் லூப்பை இரண்டாக்கினால், ஒவ்வொன்றும் ஒரே மதிப்பைத் தரும் மெத்தடாகிவிடும். சில ஆயிரம் பொருள்களை இருமுறை சுற்றுவது பொதுவாகக் கணக்கிலேயே வராது. லூப்புக்குள் டேட்டாபேஸ் அழைப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

'டெம்ப்' என்ற ஒரே வேரியபிள் மேலே தள்ளுபடியையும் கீழே வரித்தொகையையும் சுமக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் அதை இரண்டு பெயராகப் பிரித்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். தெரு, ஊர், அஞ்சல் எண் எப்போதும் ஒன்றாகவே போனால் அவை ஒரு முகவரி ஆப்ஜெக்ட். அப்படியும் குறையாவிட்டால், முழு மெத்தடையும் தனி கிளாஸாக்கி லோக்கல் வேரியபிள்களை அதன் ஃபீல்டுகளாக்கலாம். இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெத்தட் எந்த ஃபீல்டை மாற்றுகிறது என்பது பிறகு அழைப்பைப் பார்த்தால் தெரியாது.

400 வரி மெத்தட், ஒரு டெஸ்ட்கூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

இப்போது என்ன வருகிறதோ அதையே எதிர்பார்க்கும் டெஸ்டுகளை எழுதுங்கள், அது தவறான விடையாகத் தெரிந்தாலும். காலிப் பட்டியல், 'நல்' (மதிப்பே இல்லாதது), பூஜ்ஜியம், எதிர்மறை எண் எல்லாம் உள்ளே போகட்டும். நடுவில் இன்றைய தேதியையோ ரேண்டம் எண்ணையோ கேட்டால், அதை முதலில் பாராமீட்டராக வெளியே எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறும்.

பிறகு ஐடிஈ-யை (கோடு எழுதும் மென்பொருளை) வெட்ட விடுங்கள்: விண்டோஸ், லினக்ஸில் இன்டெல்லிஜே என்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+எம், எக்லிப்ஸ் என்றால் ஆல்ட்+ஷிஃப்ட்+எம். ஒரு வெட்டு, ஒரு டெஸ்ட் ஓட்டம், ஒரு கமிட் (மாற்றத்தைப் பதிவது). கையால் வெட்டும்போது நடுவில் இருக்கும் ரிட்டர்ன் மோசம் செய்யும். அது இனிப் புது மெத்தடை மட்டுமே முடிக்கும். பழைய மெத்தட் அடுத்த வரிக்குப் போய்விடும். வாய்ட் மெத்தடாக (எந்த மதிப்பும் திருப்பித் தராததாக) இருந்தால் கம்பைலர் வாயே திறக்காது. பிரேக் அப்படியில்லை, லூப்பை விட்டு வெளியே வந்ததும் பிழை காட்டிவிடும்.

வழியில் பழைய பிழை கண்ணில் பட்டால் குறித்துக்கொண்டு வேறு கமிட்டில் திருத்துங்கள். இடம் மாற்றமும் நடத்தை மாற்றமும் கலந்த கமிட்டை யாராலும் ஒழுங்காக ரிவியூ செய்ய முடியாது.

ஜாவாவின் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு திட்டம். பிரித்த மெத்தடுக்கு டிரான்ஸாக்ஷனல் அனோட்டேஷன் போட்டும், பிழை வந்தபோது ரோல்பேக் ஆகவில்லை (டேட்டாபேஸ் மாற்றங்கள் திரும்பப் பெறப்படவில்லை).

அதே கிளாஸுக்குள்ளிருந்து அழைக்கிறீர்கள். இயல்பு அமைப்பில் டிரான்ஸாக்ஷனைத் தொடங்குவது ப்ராக்ஸி, அதாவது உங்கள் ஆப்ஜெக்ட்டுக்கு முன்னால் ஸ்பிரிங் வைக்கும் இடையாள். உள் அழைப்பு அதன் வழியாகப் போவதே இல்லை. அனோட்டேஷனை வெளியிலிருந்து அழைக்கப்படும் மெத்தடுக்கு ஏற்றுங்கள், அல்லது பிரித்ததை வேறொரு பீனுக்கு (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்டுக்கு) மாற்றுங்கள்.

சின்ன மெத்தடுகள் கூடினால் வேகம் குறையாதா?

ஜாவாவில் பெரும்பாலும் நேர் எதிர். ஜாவாவை இயக்கும் ஹாட்ஸ்பாட் சின்ன மெத்தடுகளை அழைத்த இடத்திலேயே விரித்துவிடும். பைட்கோட் (ஜாவா கோடு கம்பைல் ஆகிக் கிடைக்கும் இடைநிலைக் கோடு) 8000 பைட்டைத் தாண்டிய மெத்தடை இயல்பு அமைப்பில் ஜேஐடி, அதாவது ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் பகுதி, கம்பைல் செய்வதே இல்லை. பைத்தானில் ஒவ்வொரு அழைப்புக்கும் செலவு உண்டு, 3.11 பதிப்பில் அது குறைந்தது. பல லட்சம் முறை சுற்றும் உள் லூப் என்றால் மட்டும் ப்ரொஃபைலரை (எங்கே நேரம் போகிறது என்று காட்டும் கருவியை) ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

பிரித்த பிறகு ஒன்பது மெத்தடுக்குள் தாவித் தாவிப் படிக்க வேண்டியிருக்கிறதே?

பெயரைப் படித்ததும் உள்ளே போக வேண்டிய அவசியம் தீர்ந்திருக்க வேண்டும். 'ப்ராசஸ் டேட்டா', 'ஸ்டெப் 2' என்று பெயர் வைத்தால் தீராது. 'செக் ஆர்டர்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே சத்தமில்லாமல் டேட்டாபேஸில் எழுதினால் இன்னும் மோசம். ஒருமுறை ஏமாந்தவர் அதன்பின் எந்தப் பெயரையும் நம்ப மாட்டார். நல்ல பெயர் கிடைக்காத மெத்தடைத் தயங்காமல் பழைய இடத்திலேயே திரும்ப ஒட்டிவிடுங்கள், இன்டெல்லிஜேயில் கண்ட்ரோல்+ஆல்ட்+என். மிஞ்சியவற்றில் அழைப்பது மேலே, அழைக்கப்படுவது அதற்கு நேர் கீழே.