பொத்தானை நம்பி கெப் வாங்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

படகுகள் கரை மாறும் காலம் நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ட்ரெயிலர் பற்றியவை.

கேள்வி: திமிங்கிலம் பார்க்க வருவோரை ஏற்றும் படகு வைத்திருக்கிறேன். இங்கே பருவம் முடிந்ததும் ட்ரெயிலரில் மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்குக் கொண்டுபோவேன். புதிய ஓட்டோ கியர் கெப்பில் குரூஸ் கொன்ட்ரோல் (வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) போட்டால் சிறு ஏற்றத்தில்கூட கியர் கீழிறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. வாகனத்தில் கோளாறா? (நிலாவெளி)

பதில்: கோளாறு இல்லை. குரூஸ் கொன்ட்ரோலுக்குத் தெரிந்தது வேகம் ஒன்றுதான். முன்னால் ஏற்றம் வருவதை அது பார்ப்பதில்லை. வேகம் சற்றுக் குறைந்ததும் எரிபொருளை அள்ளிக் கொடுக்கிறது, கியர் இறங்குகிறது. வேகம் கூடியதும் கியர் ஏறுகிறது, பாரம் மறுபடி பின்னுக்கு இழுக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் என்ஜின் சக்தியை எண்ணெய் மூலம் கியர்பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் சூடேறுகிறது. ஓட்டோ கியர்பெட்டியின் ஆயுளைக் குடிப்பது இந்தச் சூடுதான். எண்ணெய் கருத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளச் தட்டுகள் தேயத் தொடங்கிவிட்டன என்று கொள்ளுங்கள்.

போர்ட் ரேஞ்சர் போன்ற புதிய கெப்களில் இழுவைக்கென்றே ஒரு நிலை உண்டு. அதைப் போட்டால் மேல் கியருக்குத் தாமதமாகவே ஏறும். இறக்கத்தில் கீழ் கியருக்கு மாறி என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய வாகனமானால் ஓவர் டிரைவை (ஆக மேல் கியரை) அணையுங்கள், அல்லது கையால் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள்.

அநுராதபுரம், புத்தளம் வழியாகப் போகும் ஏ12 வீதி பெரும்பாலும் சமதரை. காய்ந்த, வெறிச்சோடிய நேரான துண்டில் குரூஸ் போடலாம். கியர் மாறி மாறித் துள்ளத் தொடங்கிய உடனே அணைத்துவிடுங்கள். ஹொரவப்பொத்தானைப் பக்கம் மாடு குறுக்கிடும், யானையும் குறுக்கிடும். அங்கே கால் பிரேக்கின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: மழையிலும் குரூஸ் போடலாமா? (உப்புவெளி)

பதில்: கூடாது. மார்கழி மழையில் ட்ரெயிலரோடு ஒருபோதும் கூடாது.

கேள்வி: என் சிறிய ஹைபிரிட் காருக்குக் கொக்கி பூட்டித் தருவதாக ஒரு கராஜில் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஏற்றிய ட்ரெயிலரை இழுக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: கையேட்டில் இழுவை எடை போட்டிருக்கிறதா? இல்லையென்றால் கொக்கி வேண்டாம்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து முற்பணம் அனுப்பி, பழைய படகு ட்ரெயிலர் ஒன்று வாங்கினேன். கந்தளாய்க்கு வருவதற்குள் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. (மூதூர்)

பதில்: தம்பி, உப்பு நீரில் இறங்கி ஏறும் ட்ரெயிலரைப் படத்தில் பார்த்தா வாங்குவது? ஓடிச் சூடான பேரிங் கடலுக்குள் இறங்கியதும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரால் கழுவிப் புதுக் கிரீஸ் போடாதவரிடம் வாங்கினால் இறுகத்தான் செய்யும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இதே பத்தியில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன். இரண்டு பக்கமும் பேரிங்கை மாற்றுங்கள். பாரம் ஏற்றும்போது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்தட்டும். பாரம் பின்னால் கூடினால் ட்ரெயிலர் வால் ஆட்டும். பிறகு எந்தப் பொத்தானும் உதவாது.

கேள்வி: "இழுவை நிலை இருக்கிறது, எதையும் இழுக்கும்" என்று சொல்லி ஒரு விற்பனை நிலையத்தில் பழைய கெப் தந்தார்கள். மூன்று மாத உத்தரவாதமும் எழுதித் தந்தார்கள். இரண்டாவது மாதத்தில் கியர்பெட்டி எரிந்துவிட்டது. "நீங்கள் பாரம் இழுத்தீர்கள், அது உங்கள் பிழை" என்கிறார்கள். கடன் வாங்கிய பணம் ஐயா. (கிண்ணியா)

பதில்: உங்கள் பிழை இல்லை. இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. இழுவை நிலை கியர் மாறும் நேரத்தை மாற்றுகிறது. வாகனத்தின் இழுவை எல்லையை ஒரு கிலோகூடக் கூட்டுவதில்லை. பல கெப்களுக்கு, தனி பிரேக் இல்லாத ட்ரெயிலரில் 750 கிலோதான் எல்லை. அந்த எண் இருக்கும் கையேட்டை வாங்குபவர் கையில் யார் தருகிறார்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்களுக்குத் தங்க விலை வைத்தார்கள். 2025இல் கதவு திறந்த பின்னும் கையேடு கேட்டால் "ஜப்பான் மொழிதானே, உங்களுக்கு எதற்கு?" என்கிறார்கள். இப்போது கைப்பேசிக் கமராவே அதைப் படித்துச் சொல்லும். கையேடு தராதவரிடம் வாகனம் வாங்காதீர்கள்.

எண்ணெயிலும் இதே கதைதான். பெயர் பெற்ற நிறுவனத்தின் போத்தலில் எனக்கு ஒரு கடை கியர் எண்ணெய் விற்றது. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு கராஜ்காரர் காட்டினார்: மூடியின் சீல் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கடைக்கு மூன்று தடவை அலைந்தும் காசு வரவில்லை. பற்றுச்சீட்டே தராமல் விற்றிருந்தார்கள்.

உங்களிடம் எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறது, அது பெரிய பலம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்தை மீறிய வியாபாரிக்கு எதிராக முறையிடலாம். எழுத்தில், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அதிகமில்லை. முதலில் அதிகார சபையின் தொலைபேசி இலக்கமான 1977க்கு அழையுங்கள். பற்றுச்சீட்டு, உத்தரவாதக் கடிதம், கராஜின் எழுத்து மூல அறிக்கை மூன்றையும் முறைப்பாட்டோடு இணைத்து அதிகார சபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கழற்றிய கியர்பெட்டியை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வடித்த எண்ணெயில் ஒரு போத்தலையும் மூடி வையுங்கள். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.