கணினி சிமுலேஷன் செய்து யாராவது நிஜமாகவே மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களா?

"புரதம் ஆடுவதைத் திரையில் ஓட்டிக் காட்டுகிறார்கள், சரி. அதனால் மருந்துத் துறைக்கு என்ன லாபம்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். புரதத்தின் அணுக்கள் எப்படி அசையும் என்று கணினியில் கணக்கிடும் இந்த சிமுலேஷனை ஓட்டியே முனைவர் பட்டம் வாங்கியவன் நான். அதனால் பதிலில் கொஞ்சம் சொந்தப் பாசம் இருக்கும்.

புரதத்தின் வடிவத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படிகப் படங்கள் வந்த புதிதில் புரதத்தைப் பாறைபோல அசையாத பொருளாகத்தான் பலரும் மனதில் வைத்திருந்தார்கள். ஆனால் தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதமான மயோகுளோபினின் படத்தைப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். ஆக்சிஜன் போய் உட்காரும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதியைச் சுற்றி எல்லாம் அடைத்துக் கிடக்கும், உள்ளே நுழைய வழியே இருக்காது. இருந்தும் ஆக்சிஜன் உள்ளே போய் வருகிறது. அப்படியென்றால் புரதம் அசைந்து வழிவிடுகிறது.

அந்த அசைவை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஆண்ட்ரூ மெக்கேமன், புரூஸ் கெலின், மார்ட்டின் கார்ப்ளஸ் மூவரும். 1977-இல் வந்த கட்டுரை அது. எடுத்துக்கொண்டது மாட்டுக் கணையத்தில் கிடைக்கும், டிரிப்சின் என்ற செரிமான என்சைமைத் தடுக்கும் 58 அமினோ அமிலச் சிறு புரதம். ஓட்டிய நேரம் 9.2 பைக்கோ நொடி. பைக்கோ நொடி என்பது நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய நேரத்திலேயே புரதத்தின் உட்புறம் திரவம்போல நெகிழ்வது தெரிந்தது. 2010-இல் டேவிட் ஷா குழுவினர் இதற்கென்றே கட்டிய ஆன்டன் கணினியில் இதே புரதத்தை ஒரு மில்லி நொடிக்கு ஓட்டினார்கள். கிட்டத்தட்ட 10 கோடி மடங்கு அதிகம்!

மருந்து விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது எச்.ஐ.வி. வைரஸ் தன் மரபணுவை நம் டி.என்.ஏ.வில் சொருகப் பயன்படுத்தும் இன்டகிரேஸ் என்ற என்சைமின் கதையை. 2004-இல் மெக்கேமன் குழு அந்த என்சைமை ஓட்டிப் பார்த்தபோது, படிகப் படத்தில் இல்லாத, மருந்து மூலக்கூறு உட்காரத் தோதான ஒரு பள்ளம் வினை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்தது. 2007-இல் இன்டகிரேஸைத் தடுக்கும் ரால்டெக்ராவிர் என்ற மருந்து அனுமதி பெற்றது. இரண்டையும் சேர்த்து 'சிமுலேஷன் தந்த மருந்து' என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. அந்த மருந்தை உருவாக்கிய மெர்க் நிறுவனம் 2000-க்கு முன்பிருந்தே சோதனைக்கூடத்தில் இன்டகிரேஸ் தடுப்பான்களைத் தேடிக்கொண்டிருந்தது. 2010-இல் எச்.ஐ.வி.க்கு உறவான இன்னொரு வைரஸின் இன்டகிரேஸ் டி.என்.ஏ.வோடு சேர்ந்திருக்கும் அமைப்பு கிடைத்த பிறகுதான் மருந்து எப்படி உட்காருகிறது என்பதே தெளிவானது. பள்ளம் தூண்டுகோலாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அதில் உருப்படியாக மிஞ்சியது ஒரு வழிமுறை: ஒரே படத்தை நம்பாமல், புரதம் எடுக்கும் பல நிலைகளைச் சேகரித்து ஒவ்வொன்றிலும் மருந்து மூலக்கூறைப் பொருத்திப் பார்ப்பது. இன்று இது அன்றாட வேலையாகிவிட்டது.

என்னைக் கேட்டால் மெக்கேமனின் பெரிய பங்களிப்பு அதிகம் பேசப்படாத வேறொன்று. 1984-இல் அவரும் தெம்பே என்ற ஆய்வாளரும் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: ஒரு மூலக்கூறைக் கணினிக்குள் படிப்படியாக இன்னொன்றாக மாற்றினால், எது புரதத்தை இறுக்கமாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியுமா? மூலக்கூறில் இருக்கும் குளோரின் அணுவை மெல்ல மெத்தில் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) தொகுதியாக்குவது போன்ற வேலை. எங்கள் துறையில் இதை ரசவாதம் என்றே சொல்வோம். புரதத்துக்குள் ஒருமுறை, வெறும் தண்ணீரில் ஒருமுறை மாற்றி, ஒன்றின் ஆற்றல் மாற்றத்திலிருந்து மற்றதைக் கழித்தால் விடை. நடைமுறைக்கு வர இருபது, முப்பது வருடம் பிடித்தது. இப்போது மருந்து நிறுவனங்களில் அடுத்து எந்தச் சேர்மத்தைத் தயாரிக்கலாம் என்று வரிசைப்படுத்த இதைத்தான் ஓட்டுகிறார்கள். நன்றாக அமைந்தால் பிணைப்பு ஆற்றலில் பிழை மோலுக்கு 1 கிலோகலோரி அளவில் நிற்கும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 1.4 கிலோகலோரி தவறினாலே பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறிவிடும்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: சிமுலேஷன் தனியாக மருந்தைக் கண்டுபிடித்ததாக நான் சொல்ல மாட்டேன். பத்து சேர்மங்களில் எதை முதலில் செய்யலாம் என்று கேட்டால் உதவும்.

அதுவும் தொடக்கத்தில் எல்லாம் சரியாக அமைத்திருந்தால்தான். மாணவனாக இருந்தபோது பிணைப்பு இடத்தில் இருந்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் புரோட்டானை (ஹைட்ரஜனை) அதன் இரண்டு நைட்ரஜன்களில் தவறானதில் வைத்துவிட்டேன். அழகான புதுப் பள்ளம் ஒன்று திறந்தது. மூன்று வாரம் அதைக் காட்டி எல்லோரிடமும் பெருமை அடித்தேன். புரோட்டானை இடம் மாற்றி மறுபடி ஓட்டியபோது பள்ளத்தைக் காணோம்.